வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவுவதும் காயவைப்பதும்: கேட்டகிரி, கிளாஸ், ட்ரை ஸ்டாண்டர்ட்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறி வடிந்தால் டெல்டாவில் வழக்கமாக நடப்பது இதுதான்: சேற்றை வாரித் தள்ளுவோம், நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம், கரண்ட் வந்ததும் ஃபேனைப் போட்டுவிடுவோம், பொங்கலுக்கு வெள்ளையடிப்போம். மாசி பிறப்பதற்குள் அடித்த பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம் படரும். ரேழியில் கால் வைத்தாலே ஓத வாடை அடிக்கும். அழுக்கை எடுப்பது ஒரு வேலை, ஈரத்தை எடுப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, வரிசையையும் மாற்றிச் செய்வதால் வரும் கோளாறு இது.

தண்ணீர் புகுந்த கட்டடங்களைச் சரிசெய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கையிலும் துப்புரவுக் கம்பெனியின் கொட்டேஷனிலும் அவை வரும். பெரும்பாலானவை ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமெரிக்க அமைப்பின் எஸ்500, எஸ்520 ஆகிய விதிநூல்களிலிருந்து வந்தவை; முதலாவது தண்ணீர் சேதத்துக்கு, இரண்டாவது பூஞ்சணத்துக்கு. ஜிப்சம் பலகைச் சுவரும் கார்ப்பெட் தரையும் உள்ள வீட்டை மனத்தில் வைத்து எழுதியவை என்பதை மறக்க வேண்டாம். நம் வீடு செங்கல், சுண்ணாம்புக் காரை, சிமெண்ட் பூச்சு, தேக்கு நிலை. சொற்கள் அப்படியே பொருந்தும்; நாள் கணக்குதான் பொருந்தாது.

உள்ளே போகும் முன்

மெயினை அணைத்தால் போதும் என்று நினைத்து இன்வெர்ட்டரை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. மெயின் அணைந்திருந்தாலும் இன்வெர்ட்டர் வீட்டு வயரிங்குக்குள் 230 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் நின்றுகொண்டு எதையும் தொடாமல், மின்வாரிய ஆளிடம் சொல்லிக் கம்பத்திலிருந்தே இணைப்பை எடுத்து, இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்கச் செய்வது நல்லது. நீரில் மூழ்கிய சுவிட்ச், பிளக் பாயிண்ட், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) எதையும் காயவைத்து மறுபடி மாட்டக் கூடாது. புதிதாகத்தான் போட வேண்டும். சுவருக்குள் போகும் வயரிங் பைப்பில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்பதால் அடிப்பெட்டிகளைத் திறந்து வடியவிட்ட பிறகு, எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் டெஸ்ட் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் சோதனை) கேளுங்கள். 500 வோல்ட்டில் சோதிக்கும்போது இன்சுலேஷன் 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த லைனுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. கழுவும்போதும் காயவைக்கும்போதும் பயன்படுத்தும் மோட்டார், ஃபேன் எல்லாம் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் ஓட வேண்டும். ஜெனரேட்டரைத் திண்ணையிலோ முற்றத்திலோ வைக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மண்சுவர் வீடும், மண் சாந்தில் செங்கல் அடுக்கிய பழைய வீடும் தனி ரகம். தண்ணீர் நிற்கும்போது தாங்கிய சுவர் வடிந்த பிறகு சரியும். ஊறிய மண்ணுக்குப் பலம் போய்விடுகிறது, வெளியிலிருந்து நீர் கொடுத்த முட்டும் நீங்கிவிடுகிறது. சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, மூலையில் விரல் நுழையும் வெடிப்பு இருந்தாலோ, கொத்தனார் பார்த்து முட்டுக் கொடுக்கும் வரை யாரும் உள்ளே படுக்கக் கூடாது.

பாதத்தில் வெடிப்போ சிராய்ப்போ இருந்தால் கம்பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. கழுவிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெள்ளத் தண்ணீரில் நின்ற விவரத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்தக் கோணத்தில் பார்ப்பார்கள். பத்தாயத்தின் அடி, பாத்திர அடுக்கு, சுருட்டிய பாய் இவற்றுக்குள் கையை விடும் முன் நீளக் கம்பால் தட்டுங்கள். விரியனும் நல்ல பாம்பும் மேட்டைத் தேடி அங்கேதான் ஏறியிருக்கும்.

எதையும் நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் நின்ற கோட்டைப் பென்சிலால் குறித்து, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று பக்கத்தில் எழுதுங்கள். நிவாரணத்துக்கு வி.ஏ.ஓ. வரும்போதும் சர்வேயர் வரும்போதும் அது சாட்சி. காயவைக்கும் வேலைக்கும் அந்தக் கோடுதான் முதல் அளவு.

கேட்டகிரி: தண்ணீர் எவ்வளவு அழுக்கு

கேட்டகிரி என்பது புகுந்த தண்ணீரின் சுத்தத்தைச் சொல்கிறது. அளவையோ ஆழத்தையோ அல்ல. கேட்டகிரி 1 சுத்தமான தண்ணீர்: மேல்நிலைத் தொட்டிக் குழாய் உடைந்தது, வாஷ்பேசின் வழிந்தது போன்றவை. கேட்டகிரி 2 சோப்பும் அழுக்கும் கலந்தது, வாஷிங் மெஷின் விட்ட தண்ணீர் மாதிரி. கேட்டகிரி 3 கழிவும் கிருமியும் கலந்தது. ஆறு உடைத்த தண்ணீர், கக்கூசிலிருந்து எதிர்த்து வந்த தண்ணீர், கடல் ஏறிய தண்ணீர் எல்லாம் யோசிக்காமல் கேட்டகிரி 3.

டெல்டா வெள்ளம் தெளிவாகத் தெரிந்தாலும் அது 3தான். நிலம் தட்டை, வடிகால்கள் நிரம்பினால் தண்ணீர் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் நிற்கும். அந்த நாட்களில் வயலின் உரமும் பூச்சிமருந்தும், தெருவின் செப்டிக் டேங்கும், மாட்டுக் கொட்டிலும் ஒரே குளமாகிவிடுகின்றன. 2022 நவம்பரில் சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 செ.மீ. கொட்டியபோது ஊருக்குள் நின்றது வானத்துத் தண்ணீர்தான்; ஆனால் செப்டிக் டேங்கைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மழைத்தண்ணீரை மழைத்தண்ணீர் என்று கணக்கு வைக்க முடியாது.

கேட்டகிரி ஒரே இடத்தில் நிற்காது, நாளாக ஆக மோசமாகும். குழாய் உடைந்த நல்ல தண்ணீரே நம் வெயிலில் இரண்டு நாள் மெத்தைக்குள் கிடந்தால் 2 ஆகும், பிறகு 3 ஆகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஓடுகளைப் பிய்த்த வீடுகளில் மேலிருந்து ஒழுகியதும் அப்படித்தான்: ஓட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த எலிப்புழுக்கையையும் தூசியையும் கழுவிக்கொண்டுதான் தண்ணீர் கூடத்தில் விழுந்தது.

கேட்டகிரி 3 என்று முடிவானால் இரண்டு விஷயங்கள் கூடவே முடிவாகின்றன. உறிஞ்சும் பொருட்களில் பெரும்பாலானவை குப்பைக்குப் போகும். கழுவிக் கிருமி நீக்கும் வரை ஃபேன் போடக் கூடாது. இரண்டாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. காய்ந்துவரும் சேற்றின் மேல் ஃபேன் காற்று பட்டால், தரையில் கிடந்த கழிவு பொடியாகி வீடு முழுக்கப் பறக்கும்.

சேறு

வண்டல் ஈரமாக இருக்கும்போதே வார வேண்டும். ஒரு வெயில் பட்டால் டைல்ஸ் இடுக்கிலும் கதவுக் கீலிலும் இறுகிவிடும், அப்புறம் உளிதான். மண்வெட்டியின் இரும்பு விளிம்பு ரெட் ஆக்சைடு தரையைக் கீறும். அங்கே பலகைத் துண்டோ ரப்பர் வைப்பரோ போதும். வாரிய சேற்றை வாசல் வாய்க்காலில் தள்ளாதீர்கள். அடைத்துக்கொண்டு அடுத்த மழைத் தண்ணீரை வீட்டுக்கே திருப்பும்.

பிறகு சோப்புத்தூள் கரைத்த தண்ணீரும் தேய்க்கும் பிரஷும். சுவரில் தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு முழம் மேலிருந்து கீழ் வரை தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். இந்தப் படியைத் தாண்டி நேராகப் பிளீச்சிங் பவுடர் தூவுவது ஊர்ப் பழக்கம். சேற்றின் மேல் தூவிய பவுடரின் குளோரின் சேற்றிலுள்ள மக்குப்பொருளோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். அடியில் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. வாசனை மட்டும் திருப்தியாக இருக்கும்.

கழுவிய தரைக்குக் கரைசல் கணக்கு இது. நல்ல பிளீச்சிங் பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும். 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளித் தண்ணீருக்கு 150 கிராம் பவுடர் போட்டால் ஏறக்குறைய அரை சதவீதக் கரைசல் கிடைக்கும். முதலில் கொஞ்சம் தண்ணீரில் பசையாகக் குழைத்து, பிறகு மீதியை ஊற்றிக் கலக்கி, அரை மணி தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் இறுத்து எடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு தரையில் வெள்ளைத் திட்டு வைக்கும். செப்டிக் டேங்க் தண்ணீர் ஏறிய தரைக்கு இந்தக் கரைசல். சும்மா துடைக்கும் ஷெல்ஃபுக்கும் பிளாஸ்டிக் சாமானுக்கும் அதையே ஐந்து மடங்கு தண்ணீராக்கிக்கொள்ளலாம். ஊற்றியதும் துடைக்கக் கூடாது, 10 நிமிடம் ஈரமாகவே நிற்க வேண்டும். ட்வெல் டைம் என்று கொட்டேஷனில் எழுதுவது இதைத்தான். பீரோ, கிரில் கேட் போன்ற இரும்பில் பட்டால் உடனே அலசுங்கள். விட்டால் துரு பிடிக்கும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையென்றால் குளோரினும் இல்லை.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒரே இடத்தில் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்க்கும். அமோனியா உள்ள எந்தக் கிளீனரோடும் சேர்க்கக் கூடாது. இவ்வளவுக்கும் பிறகு ஃபாகிங் மெஷினால் மருந்துப் புகை அடித்துக் காசு வாங்குபவர்கள் உண்டு. கழுவாத வீட்டில் அது வீண், கழுவிய வீட்டில் பெரும்பாலும் அவசியமில்லை.

எது தங்கும், எது போகும்

பொருட்களை மூன்றாகப் பிரிப்பது தொழில்காரர்கள் வழக்கம்: உறிஞ்சுவது, கொஞ்சம் உறிஞ்சுவது, உறிஞ்சாதது. எவர்சில்வர், பித்தளை, கண்ணாடி, பிளாஸ்டிக் சேர் மூன்றாவது ரகம், கழுவினால் போதும். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, ஸ்பான்ஞ் சோபா, கோரைப்பாய் எல்லாம் முதல் ரகம். கேட்டகிரி 3 தண்ணீர் ஏறியிருந்தால் வெயிலில் போட்டு எடுத்தாலும் உள்ளே போன கழிவு போகாது. மெத்தையைக் காப்பாற்றப் பார்ப்பதில் அர்த்தமில்லை. துணிமணி துவைக்கத் தாங்கும் என்பதால் தப்பிக்கும்: முதலில் சேறு போக வெறும் தண்ணீர், பிறகு சோப்போடு கொதிநீர்.

மரத்தில் தேக்கும் பலாவும் நடு ரகம், தங்கும். பிளைவுட் அடுக்கு பிரியாமல் இருந்தால் தங்கும். மாடுலர் கிச்சனில் வரும் பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை உப்பினால் திரும்பாது. கதவையும் கட்டிலையும் வேகமாகக் காயட்டும் என்று உச்சி வெயிலில் சாய்த்து வைப்பதுதான் அவற்றைக் கெடுப்பது. வெளிப்பக்கம் முதலில் சுருங்கி, உள்பக்கம் ஊறியே இருக்க, பலகை வளைந்து வெடிக்கும். நிழலில், தரையிலிருந்து தூக்கி, இரண்டு பக்கமும் காற்று படும்படி கட்டை கொடுத்து வையுங்கள். உப்பிய கதவை ஆசாரியைக் கூப்பிட்டு உடனே சீவாதீர்கள்; காய்ந்தபின் இடைவெளி தெரியும். வீணை, மிருதங்கம் போன்றவற்றை வீட்டில் கை வைக்காமல் அவற்றைச் செய்கிறவர்களிடமே கொடுத்துவிடுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைக்கும் பொன்தாளுக்கும் நடுவே துணியும் சுண்ணாம்புப்பொடிப் பசையும் இருக்கிறது. ஈரத்தில் துடைத்தால் பசை கரைந்து புடைப்பு வேலையே வழிந்துவிடும். படுக்கைவசமாக, முகம் மேலே பார்க்க வைத்துப் பழுதுபார்ப்பவரைத் தேடுங்கள்.

பத்திரம், பட்டா, பழைய போட்டோ நனைந்திருந்தால் இரண்டு நாளுக்குள் காயவைக்க வேண்டும். முடியாத அளவுக்கு இருந்தால் தனித்தனிப் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சணம் வளராது, மையும் மேலும் பரவாது, அவகாசம் கிடைக்கும். பக்கத்து ஊரில் கரண்ட் உள்ள சொந்தக்காரர் வீட்டு ஃப்ரீசர் இதற்குத் தோதாக இருக்கும்.

நனைந்த நெல்லும் பருப்பும் வெள்ளத் தண்ணீர் பட்டிருந்தால் சாப்பாட்டுக்கு ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. பூஞ்சணம் பிடித்த தானியத்தின் நஞ்சு வேகவைத்தாலும் போவதில்லை.

கிளாஸ்: ஈரம் எவ்வளவு, எங்கே

கேட்டகிரி அழுக்கைச் சொன்னால் கிளாஸ் காயவைக்கும் பளுவைச் சொல்கிறது. தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்த பரப்பில் உறிஞ்சும் பொருள் 5 சதவீதத்துக்குக் குறைவாக நனைந்திருந்தால் கிளாஸ் 1. 5 முதல் 40 வரை கிளாஸ் 2, அதற்கு மேல் கிளாஸ் 3. கிளாஸ் 4 மட்டும் பரப்பைப் பார்ப்பதில்லை, ஆழத்தைப் பார்க்கிறது: செங்கல், காரை, கான்கிரீட், கருங்கல், கெட்டி மரம் இவற்றுக்குள் புகுந்து பிடித்துக்கொண்ட ஈரம். நம் ஊர் வீட்டில் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றாலே கிளாஸ் 4 என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நாளில் காயவைத்துத் தருகிறோம் என்று ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்தால், அவர்கள் சொல்வது தரையின் மேற்பரப்பை மட்டும்தான்.

செங்கல் சுவர் மேலும் ஒன்று செய்யும். நுண்துளைகள் வழியாக ஈரத்தைக் கோட்டுக்கு மேலே இழுக்கும். விக்கிங் என்பார்கள், நம் கொத்தனார்கள் ஓதம் ஏறுது என்பார்கள். முழங்காலளவு நின்ற தண்ணீர் இடுப்பளவு வரை சுவரை நனைத்திருப்பது சாதாரணம். நீங்கள் பென்சிலால் குறித்த கோட்டுக்கு மேலே அரை மீட்டர், ஒரு மீட்டர் வரை சோதிக்க வேண்டியது இதனால்தான்.

கல்சுவர் காயும் வேகத்துக்கு நடைமுறைக் கணக்கு ஒன்று உண்டு: ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம். 9 அங்குலச் சுவர் ஒரு பக்கமாக மட்டும் காய்ந்தால் ஒன்பது மாதம். இரு பக்கமும் காற்றுபட்டால் ஏறக்குறைய பாதி. கார்த்திகையில் நனைந்த சுவர் சித்திரை வெயிலில்தான் முழுக்கக் காயும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. கோட்டுக்குக் கீழே சுவரை மூடியிருக்கும் எதையும், பிளாஸ்டிக் பேனல், வினைல் ஷீட், பழைய புட்டி, உடனே எடுத்துவிட்டால் அந்த நாட்கள் குறையும். தட்டிப் பார்த்தால் டொக்கென்று ஒலிக்கும் சிமெண்ட் பூச்சையும் கொத்திவிடுங்கள். அதற்குப் பின்னால் தண்ணீர்ப் பை இருக்கிறது.

இனி காற்று. காயவைத்தல் என்பது சுவரின் ஈரத்தைக் காற்றுக்கு மாற்றி, அந்தக் காற்றை வெளியே அனுப்புவது. இரண்டாவது பாதி நடக்காவிட்டால் தரையிலிருந்து கிளம்பிய ஈரம் மேல் அலமாரித் துணியில் போய் உட்காரும். தண்ணீரே படாத பொருள் இப்படிக் கெடுவதற்குத்தான் செகண்டரி டேமேஜ் என்று பெயர். வெள்ளம் வராத மேல்தளத்துப் பட்டுப்புடவையில் பூஞ்சணம் பிடிப்பது இந்தக் கணக்கில்தான்.

ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்தான் குழப்பம். ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், ஏனென்றால் சூடான காற்று கூடுதல் ஈரம் தாங்கும். பார்க்க வேண்டியது ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் நீராவி என்பதை. வீட்டுக்குள் 28 டிகிரி, 85 சதவீதம் என்றால் சுமார் 20 கிராம். வெளியே மழை நாளில் 25 டிகிரி, 90 சதவீதம் என்றால் 18 கிராம். திறந்தால் லாபம் சொற்பம், சாரல் வேறு அடிக்கும். மழை விட்ட மதியத்தில் 30 டிகிரி, 60 சதவீதம் என்றால் 16 கிராம். அப்போது எல்லா ஜன்னலையும் திறங்கள். மார்கழி விடியலில் பனி மூட்டமாக, 22 டிகிரி, 95 சதவீதம் காட்டும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அதுவும் 16 கிராம்தான். அந்தக் காற்று உள்ளே வந்து சூடேறியதும் ஈரத்தை வாங்கும். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்து, இந்தக் கணக்கைப் போடும் செயலி ஒன்றை மொபைலில் வைத்துக்கொண்டால் போதும்.

கழுவிக் கிருமி நீக்கியாயிற்று என்றால் இப்போது ஃபேன். கூரை ஃபேன் சுவரடிக்கு எட்டாது. பெடஸ்டல் ஃபேனையோ டேபிள் ஃபேனையோ தரைமட்டத்தில், சுவரை ஒட்டிச் சாய்வாக வீசும்படி வையுங்கள். சுவருக்கு நேர் எதிரே வைத்தால் ஒரு வட்டம் மட்டும் காயும். ஏர் மூவர் என்று வாடகைக்குத் தரும் மெஷின் செய்வதும் இதே வேலைதான், அடக்கமான உருவத்தில்.

அடைமழைக் காலத்தில் ஜன்னலை மூடிவைக்க நேர்ந்தால் டிஹ்யூமிடிஃபையர். நம் வெப்பத்துக்கு கம்ப்ரஸர் வைத்த ரகமே போதும். அதன்மேல் எழுதியுள்ள லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்துக்கு உரியது. அறை காயக் காய அது எடுக்கும் தண்ணீர் குறையும், மெஷின் பழுது என்று நினைக்க வேண்டாம். அது ஓடும்போது ஜன்னல் திறந்திருந்தால் வங்கக்கடலையே காயவைக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள். மெஷின் கிடைக்காத ஊரில் ஸ்பிளிட் ஏ.சி.யை ட்ரை மோடில் போட்டுக் கதவைச் சாத்தினால் ஓரளவுக்கு ஈடுசெய்யும். பூஞ்சணம் கண்ணில் படும் அறையில் மட்டும் ஏ.சி. போடாதீர்கள். காயிலில் பூஞ்சண வித்து ஒட்டிக்கொண்டால் வருஷம் முழுக்க வீசும்.

காய்ந்துவிட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? ட்ரை ஸ்டாண்டர்ட் என்பது இதற்கான சொல்: அதே வீட்டில் நனையாத அதே பொருளின் ஈர அளவு. புத்தகம் சொல்லும் எண்ணைத் தேடி ஓட வேண்டாம். கார்த்திகையில் நனையாத தேக்குகூட இங்கே 16, 17 சதவீதம் காட்டும். நனைந்த நிலைக்கதவை 12க்குக் கொண்டுவர முயன்றால் முடியாது, முடிந்தால் வெடிக்கும். மாடியில் உள்ள கதவில் முள் மீட்டரை (இரண்டு முள்ளுக்கிடையே மின்சாரம் கடத்துவதை வைத்து ஈரம் அளக்கும் கருவி) குத்தி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கீழ்க்கதவு அதற்கு நெருக்கமாக வந்து நின்றால் வேலை முடிந்தது. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், இரண்டு நாளைக்கு ஒருமுறை குத்தி எழுதினால்தான் போக்கு தெரியும். செங்கல் சுவரில் உப்பு இருந்தால் முள் மீட்டர் இல்லாத ஈரத்தையும் காட்டும். உப்பும் மின்சாரத்தைக் கடத்தும். அங்கே 45 சென்டிமீட்டர் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்தாலோ அடியிலுள்ள சுவர் கறுத்தாலோ இன்னும் காயவில்லை. கான்கிரீட் தரைக்கும் இதே சோதனைதான், டைல்ஸ் ஒட்டும் முன் கட்டாயம்.

பூஞ்சணம் வந்துவிட்டால்

நனைந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முளைக்கத் தொடங்கும். எஸ்520 மூன்று நிலைகள் சொல்கிறது. கண்டிஷன் 1 எல்லா வீட்டிலும் இருக்கும் இயல்பான அளவு. கண்டிஷன் 2 வேறிடத்திலிருந்து வித்து வந்து படிந்தது, வளரவில்லை. கண்டிஷன் 3 அங்கேயே வேர்விட்டு வளர்ந்தது. 2 என்றால் துடைத்தெடுப்பது போதும். 3 என்றால் வளர்ந்த பொருளையே எடுக்க வேண்டியிருக்கும். கம்பெனி 3 என்று எழுதினால் எந்தச் சுவர், எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். வீடு முழுக்க 3 என்பது அபூர்வம்.

பூஞ்சணத்தைக் கொல்வதில் குறியாக இருப்பது தவறு, அகற்றுவதுதான் வேலை. செத்த பூஞ்சணமும் மூச்சிரைப்பையும் ஒவ்வாமையையும் கிளப்பும். காரைச் சுவரில் பிளீச்சிங் அடித்தால் நிறம் வெளுக்கும், குளோரின் மேற்பரப்போடு நின்றுவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். இரண்டு வாரத்தில் மறுபடி கறுக்கும். சுவரை லேசாக நனைத்து (உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் வித்து பறக்கும்), சோப்புத் தண்ணீரால் தேய்த்தெடுத்து, துணியை அப்படியே பையில் கட்டி எறியுங்கள். பிறகு நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரத்தை (போராக்ஸ்) லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் கரைத்துப் பூசிக் கழுவாமல் விடலாம். மறுபடி முளைப்பதைத் தடுக்கும். மரத்துக்கும் இது நல்லது. குழந்தைகள் கை எட்டும் இடத்தில் பூச வேண்டாம்.

என்95 மாஸ்க் கட்டாயம். துணி மாஸ்க்கும் ஈரத்துண்டும் வித்தைத் தடுக்காது. ஒரு அறையில் அதிகம் இருந்தால் வாசலுக்கு 150 மைக்ரான் பாலிதீன் திரை ஒட்டி, ஜன்னலில் வெளிநோக்கி வீசும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். அறைக் காற்று வீட்டுக்குள் வராமல் வெளியே மட்டும் போகும். கண்டெயின்மென்ட், நெகட்டிவ் ஏர் என்று பெரிதாகச் சொல்வதன் சாரம் இதுதான். வேக்யூம் கிளீனர் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக இருக்க வேண்டும், அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். சாதாரண கிளீனர் வித்தைப் பின்பக்கமாக ஊதிவிடும். ஆஸ்துமா உள்ளவரும் கர்ப்பிணியும் இந்த வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும்.

கிணறு, தொட்டி, செப்டிக் டேங்க்

தரைத்தொட்டியையும் செப்டிக் டேங்கையும் வெள்ளம் வடிந்த மறுநாளே இறைத்துக் காலி செய்யாதீர்கள். சுற்றி நிலத்தடி நீர் தரைமட்டத்தில் நிற்கும்போது காலித் தொட்டியைக் கீழிருந்து தூக்கும். ரெடிமேட் டேங்க் மிதந்தே வெளிவரும், கட்டிய தொட்டி வெடிக்கும். நீர்மட்டம் இறங்கியபின் இறையுங்கள். செப்டிக் டேங்குக்குள் எந்த நிலையிலும் ஆள் இறங்கக் கூடாது.

உறைகிணற்றின் தண்ணீரளவு: ஆரம் × ஆரம் × 3.14 × நீரின் ஆழம், எல்லாம் மீட்டரில்; வரும் எண்ணை 1,000ஆல் பெருக்கினால் லிட்டர். 1.2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் என்றால் 4,500 லிட்டர். முதலில் கலங்கல் தெளியும்வரை இறைத்து, ஊறவிட்டு, பிறகு 1,000 லிட்டருக்கு 165 கிராம் வீதம், இந்தக் கிணற்றுக்கு சுமார் 750 கிராம் பிளீச்சிங் பவுடரின் தெளிந்த கரைசலை ஊற்றி வாளியால் கலக்குங்கள். 12 மணி நேரம் தொடக் கூடாது. பிறகு நெடி போகும்வரை இறைத்துவிட வேண்டும். அதன்பின் தினசரிக் கணக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம்தான். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மீதமிருக்க வேண்டும், பஞ்சாயத்து ஓ.எச்.டி. (மேல்நிலைத் தொட்டி) ஆபரேட்டரிடம் உள்ள குளோரோஸ்கோப்பில் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

உப்பும் வெள்ளையடிப்பும்

சுவர் காயும்போது உள்ளிருந்த உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த பிரஷால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். பூக்கப் பூக்கத் தட்ட வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் கடல் ஏறிய வீடு வேறு கதை. கடலுப்பு காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கும் என்பதால் அந்தச் சுவர் தானாகக் காயவே காயாது. வடிந்தவுடன், சுவர் ஈரமாக இருக்கும்போதே, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிடுவது அங்கே முதல் வேலை. கான்கிரீட் தூண் அடிகளை விடாமல் அலசுங்கள்; உள்ளே இறங்கும் குளோரைடு கம்பியைத் துருவேற்றிச் சில வருஷத்தில் கான்கிரீட்டைப் பிளக்கும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்காமல் முடியாது என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். நீற்றிய சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும், அதன் காரத்தன்மையில் பூஞ்சணமும் எளிதில் வளராது. புட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் ஈரத்தைச் சிறைவைக்கும். கொப்புளம் கிளம்புவது அதனால்தான். வாட்டர்ப்ரூஃப் பெயிண்டை உள்பக்கம் அடித்தால் இன்னும் மோசம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் உதிர்ந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசக் கூடாது. சிமெண்ட் மூடிய உயரம் வரை வெளியேற வழியில்லாத ஓதம் அதற்கு மேலே ஏறி, நன்றாக இருந்த காரையையும் உதிர்க்கும். சுண்ணாம்பும் மணலும் 1:3 சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் இன்னும் கிடைக்கிறார்கள். பூசிய பின் ஒரு வாரமாவது காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லையென்றால் வெடிப்பு விடும். எமல்ஷன்தான் வேண்டும் என்பவர்கள் வைகாசி வரை பொறுத்து, பாலிதீன் தாள் சோதனையைக் கோட்டுக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று செய்து, இரண்டு இடத்திலும் தாள் வியர்க்காமல் இருந்தால் பிரைமர் அடிக்கத் தொடங்கலாம்.